வருந்தத்தக்க விபத்துகள்

வலெந்தா எங்கள் தையல் கூடத்துக்குள் வந்தபோது என் வாயில் குண்டூசிகள் இருந்தன. அதனால்தான் அவரை உடனே திட்ட முடியவில்லை.

வியன்னா ஓட்டல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கூடம் அது. வலெந்தா அங்கே வரக்கூடிய ஆள் இல்லை. அவரும் என் கணவன் சிரிலும் ஒரு காலத்தில் வியன்னாவில் இருந்த செக்கோஸ்லோவாக்கியத் தூதரகத்தில் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவர்கள். அறுபத்தெட்டு ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் எங்கள் நாட்டுக்குள் புகுந்த காலை, சிரில் வாசல் படிக்கட்டுக்குப் போய், கூடியிருந்த பத்திரிகைக்காரர்களிடம் “இது ஆக்கிரமிப்பு. இவர்களை எங்கள் மக்கள் யாரும் அழைக்கவில்லை” என்றான். வலெந்தா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் சிரிலை ஊர் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. நாங்கள் போகவில்லை. ஆளில்லாமலே வழக்கு நடத்தி மூன்று வருடம் சிறை என்று தீர்ப்பு எழுதினார்கள். அதன் பிறகு சிரில் ஒரு பெயிண்ட் கிடங்கில் டப்பா அடுக்கினான். வலெந்தாவுக்குப் பதவி உயர்ந்தது. இப்போது அவர் ‘தாயகத் தொடர்புக் கழகம்’ என்று ஒன்றை வியன்னாவில் நடத்திவந்தார். எங்களைப் போல ஓடிவந்தவர்களைப் பேசிப் பேசித் திரும்ப அனுப்புவதுதான் அதன் வேலை.

“ஹெட்விகா அம்மணி, கை இன்னும் அதே வேகத்தில ஓடுது” என்றார் வலெந்தா.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் பஞ்சுப் பொதியில் குத்தினேன். “என்ன வேணும்?”

“கேக்க வரல. குடுக்க வந்திருக்கேன். வெள்ளிக்கிழமை உங்க நாத்தனார் வர்றாங்க.”

“எங்க?”

“இங்கதான். அண்ணனைப் பார்க்க.”

நாத்தனார் பவ்லீனா இருக்கும் பிராட்டிஸ்லாவா எல்லைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை ஐந்து வருடமாக அவளால் கடக்க முடியவில்லை. நான்கு முறை அனுமதி கேட்டாள், நான்கு முறையும் இல்லை என்றார்கள்.

“பதிலுக்கு என்ன?” என்றேன்.

“ரத்த பாசம், அம்மணி. அதுக்குப் போய் விலை பேசுவாங்களா?”

“நீங்க மூச்சுக் காத்துக்கே விலை பேசறவங்களாச்சே.”

அவர் சிரித்தார். எப்போதும் சிரிக்கத் தெரிந்தவர். போகும்போது, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர்கள் கழகக் கூடத்தில் ஒரு சின்ன சந்திப்பு இருக்கிறது, சில பத்திரிகைக்காரர்களும் வருவார்கள் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அது எழுபத்துமூன்றாம் வருடம். அந்த வருட முடிவுக்குள் திரும்பி வருகிறவர்களுக்குத் தண்டனை ரத்து என்று அரசு அறிவித்திருந்தது. திரும்பிப் போன கொல்லர்கள், செவிலியர்கள் எல்லோருடைய படமும் அங்கே செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது. ஒரு பழைய தூதரக அதிகாரி போனால் படம் இன்னும் பெரிதாக வரும்.

சிரிலிடம் சொன்னபோது அவன் கையிலிருந்த பெயிண்டைக் கழுவிக்கொண்டிருந்தான். கை சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான்.

“கூட்டிட்டுப் போக வர்றா” என்றான்.

“போவியா?”

“பைத்தியமா நான்? ஆனா அவளே கேட்டா மூஞ்சியைப் பார்த்து எப்படி ‘மாட்டேன்’ சொல்றது, அதான் தெரியல.”

அதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆகஸ்டில் பவ்லீனாவின் கணவன் இம்ரிஹ் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனவன். தெருமுனையில் சிப்பாய்கள் சுட்டார்கள். குண்டு முதுகில் பட்டது. சிரில் அந்த வாரம் முழுவதும் தூதரகத்தில், வியன்னாவில் தவித்துக்கொண்டிருந்த நம் ஊர்க்காரர்களுக்குக் கடிதாசி எழுதிக்கொண்டும் தொலைபேசியில் கத்திக்கொண்டும் இருந்தான். தங்கை புருஷனின் அடக்கத்துக்குப் போகவில்லை. “அண்ணன் ஊருக்கெல்லாம் வீரம் பேசினான். என் வீட்டுப் பெட்டியைத் தூக்கத் தோள் இல்ல” என்று பவ்லீனா யாரிடமோ சொன்னாள் என்று எங்கள் காதுக்கு வந்தது. அது இல்லாத பேச்சு என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் வலெந்தாவின் கார் வந்து நின்றது. பவ்லீனா இறங்கினாள். உடம்பு இளைத்திருந்தாள். புதிய கம்பளிக் கோட்டு போட்டிருந்தாள், அவளுடையது இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. கோட்டின் கை விரல் நுனிவரை நீண்டிருந்தது. வியன்னாவில் இறங்குகிறவள் கந்தலாகத் தெரியக்கூடாது என்று கழகத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

ஓட்டலில் சாப்பாட்டுக்கு இடம் பிடித்திருப்பதாக வலெந்தா சொன்னார்.

“எனக்கு அண்ணன் இருக்கான், அவனுக்கு வீடு இருக்கு. ஓட்டல்ல எதுக்குச் சாப்பிடணும்?” என்றாள் பவ்லீனா. படியேறத் தொடங்கிவிட்டாள். வலெந்தாவும் வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினார். அவளைத் தனியாக விட அவருக்கு அனுமதி இல்லை.

அண்ணனும் தங்கையும் கட்டிக்கொள்ளவில்லை. சிரில் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவள் கொஞ்ச நேரம் விட்டுவைத்து, பிறகு உருவிக்கொண்டாள்.

“நரைச்சுட்டே” என்றாள்.

“நீயும்தான்.”

“நான் சாயம் அடிச்சிருக்கேன். அதையும் மீறித் தெரியுதா?”

அவள் முடி திருத்தும் தொழில் பார்ப்பவள். பிராட்டிஸ்லாவாவின் நடுவில், பெரிய அதிகாரிகளின் மனைவிமார் வரும் நிலையத்தில் முதல் நாற்காலி அவளுடையது. வாய் அப்படித்தான் வளர்ந்தது.

நேராகச் சமையலறைக்கு வந்து என் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். சிரிலுக்குப் பிடிக்கும் என்று உருளைக்கிழங்கு மாவைக் கிள்ளிக் கொதிநீரில் போட்டு ஹலுஷ்கி செய்துகொண்டிருந்தேன்.

“இது ஹலுஷ்கியா? ஒவ்வொண்ணும் செங்கல் மாதிரி இருக்கு. செக் பொம்பளைங்க கையில ஸ்லோவாக் மாவைக் குடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவா.”

“உன் அண்ணன் பதினாறு வருஷமா இந்தச் செங்கல்லதான் வீடு கட்டிட்டிருக்கான்.”

அவள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தானே கிள்ளிப் போட ஆரம்பித்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில், முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

“அண்ணி, சுத்தி வளைக்க நேரமில்ல. என் பொண்ணு தரினாவுக்கு மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில இடம் குடுக்கல. வகுப்பிலயே முதல் மார்க். மாமன் ஓடிப்போனவன்னு எழுதி வச்சிருக்காங்க. அவன் வந்தா இடம் உண்டுங்கறாங்க. நான் ஒத்துக்கிட்டேன். அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“அவங்க சொல்லிக் குடுத்ததா, நீயா பேசறியா?”

“நானாத்தான் பேசறேன். எனக்கு வேணும். அவன் பேசினதுக்கு அஞ்சு வருஷமா நாங்க கட்டிட்டிருக்கோம். ஒரு தடவை அவன் கட்டட்டும்.”

“கூட்டிட்டுப் போறதுக்கு அவன் என்ன கோழியா? கக்கத்தில இடுக்கிட்டுப் போவியா?”

“உங்களுக்குப் பிள்ளை இல்ல. அதனால பேசறீங்க.”

அந்தச் சொல்லுக்கு நான் அவளை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. குழாயை மூடினேன். “தட்டை எடு” என்றேன்.

சாப்பாட்டு மேசையில் பவ்லீனா அண்ணனிடம் அதையே நேராகச் சொன்னாள். வலெந்தா எதிரில் இருப்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை, அவர்தானே சொல்லச் சொன்னவர். தரினாவின் பெயரைக் கேட்டதும் சிரிலின் முகம் மாறியது. குழந்தைக்கு நடந்தது அவனுக்குத் தெரியாது.

“அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?” என்று வலெந்தாவைக் கேட்டான்.

“நானா சட்டம் போட்டேன், சிரில்? ஆனா சட்டத்தில ஒரு கதவு திறந்திருக்கு. இந்த வருஷம் முடியறவரைக்கும் திறந்திருக்கும்.”

முன்பு இருவரும் ‘டேய்’ போட்டுப் பேசியவர்கள். இப்போது ‘நீங்க’ என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

சிரில் தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு, “நான் என்ன சொல்லணும்?” என்றான்.

“நான் எதுக்கும் ஒத்துக்கல” என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வலெந்தா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “சின்ன அறிக்கை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ‘பொய்த் தகவல்களால் வழிதவறிய நான்...’”

“‘வழிதவறிய’ வேணாம். ‘அன்றைய குழப்பத்தில் முடிவெடுத்த நான்’.”

“‘குழப்பமான முடிவெடுத்த நான்’.”

“குழப்பம் நாட்டில இருந்துச்சு. என் மண்டையில இல்ல.”

“சரி. ‘அன்றைய குழப்பத்தில்’. அடுத்தது, ‘நட்பு நாடுகளின் உதவி’.”

“‘படைகளின் வருகை’.”

“‘நட்புப் படைகளின் வருகை’. அதுக்குக் கீழ என்னால இறங்க முடியாது.”

மாட்டுச் சந்தையில் விலை படிவதுபோல அவர்கள் பேசினார்கள். இரண்டு பேரும் அந்த வேலைக்குப் படித்தவர்கள். வர்த்தக ஒப்பந்தங்களில் ஒரு காற்புள்ளிக்காகச் சிரில் விடியும்வரை உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே குரலில்தான் பேசினான். ஆனால் இப்போது ஒவ்வொரு வரியிலும் அவன்தான் அதிகம் இழந்தான். படிக்கட்டில் நின்று ஆக்கிரமிப்பு என்று சொன்னவன், நட்புப் படைகளின் வருகைக்கு வந்து, தலையைக் குனிந்து, “எழுதுங்க” என்றான்.

“இன்னும் ஒரே வரிதான்” என்றார் வலெந்தா. “‘அந்நாட்களில் நேர்ந்த வருந்தத்தக்க சில போக்குவரத்து விபத்துகளைக் கொலை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளிடம் நான் கூறியது தவறு.’”

பவ்லீனாவின் கரண்டி தட்டில் நின்றது.

“அதை எடுத்துடுங்க” என்றான் சிரில்.

“முடியாது. மத்ததெல்லாம் என் கையில இருக்கு. இது பிராக் மேலிடத்திலேர்ந்து வந்த வரி.”

“‘வருந்தத்தக்க சாவுகள்’னு போடுங்க. அதுக்குமேல வேணாம்.”

“சாவுன்னா யாரு சாவடிச்சாங்கன்னு கேப்பாங்க. விபத்துன்னா கேக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததில்ல.”

சிரில் தங்கையைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தரினா எப்ப வகுப்புக்குப் போவா?”

“ஜனவரியிலயே. என் வாக்கு.”

சிரில் கண்ணை மூடித் திறந்தான். “இருக்கட்டும்” என்றான். “எழுதுங்க.”

அந்த நிமிடம் அவனை நான் வெறுத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தட்டுகளை அடுக்கினேன்.

வலெந்தா பேனாவை மூடிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பிளம் சாராயத்தை ஊற்றினார். பவ்லீனா குடிக்கவில்லை. அண்ணன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தலையோடவா பத்திரிகைக்காரங்க முன்னால போய் நிக்கப்போறே? யாரு வெட்டினா?”

“ஹெட்விகா.”

“தெரியுது. வேலி ஓரத்தில புல்லு செதுக்கின மாதிரி இருக்கு. வா இங்க. அண்ணி, கத்தரிக்கோல் இருக்கா, இல்ல திரைச்சீலை வெட்டறது மட்டும்தான் இருக்கா?”

வலெந்தா சிரித்தார். நேரம் இருக்கிறது, படமும் நன்றாக வரட்டும் என்று நினைத்திருப்பார். முன்னறையிலேயே சாய்ந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். பவ்லீனா அண்ணனைச் சமையலறையில் உட்காரவைத்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குச் சிரிலின் முதுகும் பவ்லீனாவின் முழங்கையும் தெரிந்திருக்கும்.

நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் குனிந்து, அவன் காதோரம் முடியை விரலால் தூக்கி, கத்தரியை ஓட்டியபடி பேசினாள். உதடு அசைவதுகூடத் தெரியவில்லை. அதிகாரிகளின் மனைவிமார் நடுவே வருடக்கணக்காக அப்படிப் பேசிப் பழகியவள்.

“ஆடாதே. கேளு. இம்ரிஹை அடக்கம் பண்றன்னிக்கு நீ வரல. அதை நான் அஞ்சு வருஷமா மென்னுக்கிட்டிருந்தேன்.”

“பவ்லீ...”

“ஆடாதேன்னேன். இப்ப நீ அந்த வரிக்குச் ‘சரி’ன்னே. என் பொண்ணுக்காக. உனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு உன் கழுத்தைப் பார்த்தேன், நரம்பு துடிச்சுது. போதும் எனக்கு. நமக்குள்ள இனி ஒண்ணுமில்ல.”

அவள் மறுபக்கம் வந்தாள். கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது.

“ஆனா நீ அதைச் சொல்லக் கூடாது. நான் வரும்போது அந்த வரி இருக்குன்னு எனக்குத் தெரியாது. வந்து கையெழுத்துப் போடுவான், படம் பிடிப்பாங்கன்னுதான் சொன்னாங்க. இம்ரிஹைக் கொன்னாங்க. இப்ப அவன் தானாவே போய் வண்டியில விழுந்தான்னு சொல்லணுமாம், அதுவும் என் வீட்டு ஆளு வாயால. அந்தக் காசுல என் பொண்ணு படிக்க வேணாம்.”

“அப்ப தரினா?” என்று நான்தான் கேட்டேன்.

அவள் கை ஒரு நொடி நின்றது. “எம்மேல கோவப்படுவா” என்றாள். “படட்டும்.”

“உன்னை என்ன பண்ணுவாங்க?” என்றான் சிரில்.

“அது உன் வேலை. நீதானே தூதரகத்துக்காரன்? நான் பேசிடறேன். அப்புறம் என்னை எப்படி வீட்டுக்கு அனுப்பறதுன்னு நீ பாரு.”

முன்னறையிலிருந்து வலெந்தா குரல் கொடுத்தார். “முடிஞ்சுதா? அங்க எல்லாரும் காத்திட்டிருப்பாங்க.”

“அவசரப்பட்டா காதை வெட்டிடுவேன், ஐயா. காதில்லாத ஆளைப் படம் பிடிச்சா உங்களுக்குத்தான் கேவலம்” என்றாள் பவ்லீனா சத்தமாக.

வலெந்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

கழகக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஆஸ்திரியப் பத்திரிகைக்காரர்கள், இரண்டு வானொலிக்காரர்கள், பின்வரிசையில் யாரென்று சொல்லிக்கொள்ளாத சிலர். மேடையில் பூச்செண்டு இருந்தது. வலெந்தா எழுந்து, பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைப்பதில் எங்கள் நாட்டு அரசுக்கு இருக்கும் அக்கறையைப் பற்றி நல்ல ஜெர்மனில் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கு நினைவு வந்தது.

சிரிலைக் கைகாட்டினார். அதற்குள் பவ்லீனா எழுந்துவிட்டாள்.

“அண்ணனுக்கு முன்னாடி தங்கச்சி ரெண்டு வார்த்தை பேசலாமா?”

கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின. வலெந்தாவால் ‘கூடாது’ என்று சொல்ல முடியவில்லை. தலையசைத்தார்.

“என் பேரு பவ்லீனா. பிராட்டிஸ்லாவாவில முடி வெட்டறேன். என் புருஷன் பேரு இம்ரிஹ், கூரை ஓடு போடற வேலை பார்த்தார். அறுபத்தெட்டு ஆகஸ்ட்ல ரொட்டி வாங்கப் போனவரை சிப்பாய்ங்க முதுகுல சுட்டாங்க.”

மொழிபெயர்க்க நின்ற கழகத்து ஆள் வலெந்தாவைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. சிரில் எழுந்து நின்று, அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னான். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவனுடைய பழைய குரலைக் கேட்டேன்.

“அது போக்குவரத்து விபத்துன்னு எங்க அண்ணன் இன்னிக்கு உங்ககிட்ட சொல்லணுமாம். சொன்னா என் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில இடம் தர்றாங்களாம். இடம் வேணாம். அண்ணனும் வர மாட்டான். அவ்வளவுதான்.”

சிரில் அதையும் சொன்னான். கடைசி வாக்கியத்தில் மட்டும் அவன் குரல் கொஞ்சம் கரகரத்தது.

கூடத்தில் ஒரே இரைச்சல். வலெந்தா கையை உயர்த்தினார், யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நிருபர் எழுந்து, “இந்த அம்மா திரும்பிப் போனால் என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

சிரில் அதற்காகவே காத்திருந்தவன்போல இரண்டடி முன்னால் வந்தான்.

“நல்ல கேள்வி. ஜெனீவாவில இப்ப முப்பத்தஞ்சு நாடுகள் உட்கார்ந்து பேசிட்டிருக்கு. எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற குடும்பங்கள் தடையில்லாம சந்திக்கணும்னு ஒரு அத்தியாயமே எழுதறாங்க. எங்க நாட்டுப் பிரதிநிதிகளும் அந்த மேசையில இருக்காங்க. என் தங்கை அண்ணனைப் பார்க்க வந்தா. இன்னிக்கு ராத்திரி அவ தன் வீட்டுக்கு, தன் மகள்கிட்டப் போய்ச் சேருவாங்கறதில எனக்குச் சந்தேகமில்ல. திரு. வலெந்தா அதுக்கு உறுதி கொடுப்பார்.” திரும்பி, மிகுந்த மரியாதையோடு, “கொடுப்பீங்கதானே?” என்றான்.

எல்லோரும் வலெந்தாவைப் பார்த்தார்கள். பேனாக்கள் தாளின்மேல் நின்றன. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லாமல் போய்விட்டது.

“நிச்சயமாக” என்றார். “அந்த அம்மையார் எந்தச் சிக்கலும் இல்லாமல் வீடு சேர்வார். நானே பொறுப்பு.”

“நன்றி. எல்லாரும் எழுதிக்கிட்டீங்களா?” என்றான் சிரில். “வலெந்தாங்கற பேருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?”

பவ்லீனா கோட்டைக் கழற்றி, மடித்து, வலெந்தாவின் நாற்காலியில் வைத்தாள். “இது உங்களோடது” என்றாள். வெளியே நவம்பர் காற்று அடித்தது. என் கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டேன். அது அவளுக்குச் சின்னது, பொத்தான் போடவில்லை.

வலெந்தாவின் கார் எங்களுக்காக நிற்கவில்லை. வாடகை வண்டி ஓட்டும் ஒரு நம் ஊர்க்காரர் எங்களை எல்லைவரை கொண்டுபோய் விட்டார். அவளுடைய அனுமதி அன்று இரவோடு முடிகிறது. வழியில் நான் அவளிடம், “இங்கயே இருந்துடேன்” என்றேன். ஒருமுறைதான் சொன்னேன்.

“தரினா அங்க இருக்காளே.”

வேறு என்ன சொல்வாள்?

எல்லைத் தடுப்புக்கு முன்னால் இறங்கினோம். இருட்டிவிட்டிருந்தது. தடுப்புக்கு அப்பால் விளக்கு வெளிச்சத்தில் காவல் கோபுரமும் முள்வேலியும் தெரிந்தன. சிரில் மேற்கொண்டு ஓரடி வைத்தாலும் அவனைப் பிடிப்பார்கள். அண்ணனும் தங்கையும் இப்போது கட்டிக்கொண்டார்கள். அவன் பிடரியில் ஒட்டியிருந்த முடித் துணுக்குகளை அவள் ஊதிவிட்டாள்.

என் பக்கம் திரும்பினாள். “அண்ணி, பிள்ளையைப் பத்திச் சொன்னது தப்பு.”

“தப்புதான்” என்றேன். “மறக்க மாட்டேன். ஆனா மறுபடி வா.”

“உங்க ஹலுஷ்கியைச் சாப்பிடவா?”

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஆஸ்திரியக் காவலர் தாளைப் பார்த்து விட்டுவிட்டார். அந்தப் பக்கம் இரண்டு சிப்பாய்கள் அவளை நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னதைப் பார்த்தோம். அவள் கொட்டினாள். பிறகு, நீங்களே எடுத்து வையுங்கள் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒருவன் குனிந்தான்.

மியூனிக்கிலிருந்து எங்கள் மொழியில் பேசும் வானொலி அன்றிரவே அவள் பேச்சை ஒலிபரப்பியது. அதைக் கேட்கவிடாமல் அரசு அனுப்பிய தடுப்பலைகளின் இரைச்சலையும் மீறி அவள் தெருவில் பாதிப் பேர் கேட்டார்கள். வலெந்தாவின் உறுதிமொழியும் ஆஸ்திரியப் பத்திரிகைகளில் அப்படியே வந்தது. அதனால் அவளைச் சிறையில் போடவில்லை. மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். முடி திருத்தும் நிலையத்திலிருந்து எடுத்து, மருத்துவமனையில் அறுவைக்குப் போகிறவர்களுக்கு மழிக்கும் வேலையில் போட்டார்கள். தரினாவுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. மின்மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வலெந்தாவை அந்தக் குளிர்காலத்திலேயே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். எங்கே வைத்தார்கள் என்று கேள்விப்படவில்லை, விசாரிக்கவும் இல்லை.

சிரில் எண்பத்தைந்தில் மாரடைப்பில் போனான். கடைசிவரை பெயிண்ட் கிடங்குதான். சாயங்காலங்களில், ஊரில் சிறைப்பட்டவர்களின் விவரத்தை ஒவ்வொரு நாட்டு வெளியுறவு அலுவலகத்துக்கும் எழுதிக்கொண்டிருந்தான். ஜெனீவா பேச்சு முடிந்து ஹெல்சிங்கியில் எல்லா நாடுகளும் கையெழுத்திட்ட பிறகு, அதிலிருந்து பிரிவு எண் காட்டி எழுதுவதில் அவனுக்கு ஒரு குரூரமான சந்தோஷம். “அவங்களே போட்ட கையெழுத்து, ஹெட்விகா. அதாலயே அவங்க தலையில குட்டணும்” என்பான். அவன் அடக்கத்துக்குப் பவ்லீனா அனுமதி கேட்டாள். மறுத்துவிட்டார்கள்.

எண்பத்தொன்பது டிசம்பரில் அங்கே ஆட்சி விழுந்து, எல்லை திறந்து, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் நடந்து வந்தபோது, ஒரு மதியம் என் வீட்டுக் கதவைத் தட்டியது தரினா. முப்பத்தொரு வயதுப் பெண். விரலெல்லாம் கம்பி கிழித்த தழும்பு.

“அத்தை, நான் நல்ல மருமகளா பேச வரல” என்றாள், உட்கார்வதற்கு முன்பே. “அம்மா அன்னிக்குப் பேசினதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் அவகூடப் பேசல. எல்லாரும் அவளை வீராங்கனைங்கறாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? போனது என் பள்ளிக்கூடம்தானே?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

“படிக்கணும்னு சொல்லியிருப்பேன். பதினஞ்சு வயசு, வேற என்ன சொல்லுவேன்?”

அவளுக்குச் சூப் ஊற்றினேன். பசியோடு வந்திருந்தாள். பாதிக் கிண்ணம் காலியான பிறகு, போன மாதம் நடந்த பொது வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னாள். மேற்பார்வையாளர் தொழிற்சாலை வாசலைப் பூட்டிவிட்டு, யாராவது இயந்திரத்தை நிறுத்தினால் பெயரை எழுதிக்கொள்வேன் என்று மிரட்டியிருக்கிறார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தரினா தன் இயந்திரத்தை நிறுத்தினாள். ஒரு நிமிடம் அவளுடையது மட்டும் நின்றது. பிறகு பக்கத்துப் பெண், பிறகு வரிசை முழுக்க.

“அந்தாளு எங்கிட்ட வந்து, ‘அம்மா புத்தி அப்படியே இருக்கு’ன்னான். ‘ஆமா, இருக்கு’ன்னேன். சொல்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு.” கிண்ணத்தை நகர்த்தினாள். “ஆனா கோவம் போகல, அத்தை. அது வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கட்டாதீங்க.”

“நான் எதையும் கட்டல” என்றேன். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

“ஊத்துங்க. ஜனவரியில மாலை வகுப்பு சேரப்போறேன். சின்னப் பசங்க நடுவுல உட்காரணும். உட்கார்றேன், என்ன இப்ப?”

பவ்லீனா ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“மருத்துவமனையில லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்களாம். ‘குடுக்கலேன்னா கேக்காமப் போறேன்’னு தலைமைச் செவிலிகிட்ட கத்திட்டிருந்தா, நான் கிளம்பறப்ப. எப்படியும் இருட்டறதுக்குள்ள வந்துடுவா.”

வந்துவிட்டாள். தரினா கதவைத் திறக்கப் போனாள். நான் ஹலுஷ்கிக்கு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.